தட்டின் கணக்கும் கூலியின் கணக்கும்

(ஐதராபாத் உப்பலில் தமிழ்த் தோழர்களிடையே நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உப்பல் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் நான்காவது நிலையம் தார்நாகா. அங்கே, உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கும் அந்நிறுவனம்தான், இந்தியர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச் சத்து தேவை என்பதை வரையறுத்து வெளியிடுகிறது. அந்த அட்டவணைகள் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் படிப்பதற்கு உரியவை என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. தொழிற்சங்க அலுவலகங்களில் அவை இருப்பது அரிது.

ஆனால் உப்பல் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி, அவருடைய குடும்பத்துக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசி, அவருடைய குழந்தை பள்ளியில் உண்ணும் மதிய உணவு, கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் உள்ள எண்கள் ஆகிய அனைத்தும் அந்த அட்டவணைகளோடு தொடர்புடையவை. இன்னின்னவற்றை உண்ணுங்கள் என்று அறிவுரை கூறும் ஆவணமாக மட்டும் அவற்றைப் பார்ப்பது தவறு. ஆட்சியாளர்களிடமும் முதலாளிகளிடமும் கணக்குக் கேட்பதற்கான அளவுகோல் அவற்றில் இருக்கிறது. அந்த அளவுகோலைப் படிக்கவும் பயன்படுத்தவும் கற்பதே இந்த வகுப்பின் நோக்கம்.

குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

இந்நிறுவனத்தின் தொடக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்த மக்களைத் தாக்கிய நோய் அது. அந்தப் பிரிவு வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

குன்னூர்க் கூடத்தை 1935 முதல் 1945 வரை வழிநடத்தியவர் வாலஸ் அய்க்ராய்டு. இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும், திருப்தியான உணவுத் திட்டத்தையும் எளிய அட்டவணைகளாக வெளியிட்டவர் அவர். வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். இந்தியத் தொழிற்சங்க இயக்கம் அவருடைய பெயரை இன்றளவும் உச்சரிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன், அட்டவணையில் உள்ள எண்களின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்களின் பொருள்

2020இல் வெளியான அட்டவணையில் இரண்டு வகை எண்கள் உள்ளன. ஒன்று, சராசரித் தேவை. ஒரே வயது, ஒரே பாலினத்தைச் சேர்ந்த ஆரோக்கியமான மக்களில் பாதிப் பேருக்குப் போதுமான அளவு அது. மீதிப் பாதிப் பேருக்கு அது போதாது. மற்றொன்று, பரிந்துரைக்கப்பட்ட அன்றாட அளவு. அது ஏறத்தாழ நூற்றுக்கு 97 பேரின் தேவையை நிறைவு செய்யும் வகையில் கூட்டி நிர்ணயிக்கப்படுகிறது. புரதம், இரும்பு, கால்சியம் போன்றவற்றுக்கு இந்த இரு எண்களும் தரப்படுகின்றன.

கலோரிக்கு மட்டும் சராசரித் தேவை ஒன்றே தரப்படுகிறது. ஏனெனில், தேவைக்கு மேல் கலோரி உண்டால் உடல் பருக்கும். ஆகவே கலோரி எண்ணைப் படிக்கும்போது, அதில் பாதுகாப்புக்கான கூடுதல் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இதுவே குறைந்தபட்சத் தேவையைவிட அதிகம் என்று எந்த முதலாளியும் வாதிட இடமில்லை.

அடுத்து, உழைப்பின் தன்மை. 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,110 கலோரி தேவை. மிதமான உழைப்புக்கு 2,710 கலோரி. கடும் உழைப்புக்கு 3,470 கலோரி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இதே வரிசையில் 1,660, 2,130, 2,720 கலோரி. அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் லாரியில் மூட்டை ஏற்றுபவருக்கும் இடையில் 1,360 கலோரி வேறுபாடு உள்ளது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள ஒரு குழந்தையின் முழு நாள் தேவையும் அதே 1,360 கலோரிதான்.

உழைப்புச் சக்தியின் மதிப்பு என்பது, உழைப்பாளி தன்னையும் தன் குடும்பத்தையும் மறுநாள் உழைப்புக்குத் தகுதியாகப் பராமரிக்கத் தேவைப்படும் பொருட்களின் மதிப்பு என்பது மார்க்சியத்தின் அடிப்படைப் பாடம். அந்தத் தேவை உடலியல் சார்ந்தது மட்டுமல்ல என்பதையும், வரலாறும் பண்பாடும் அதில் அடங்கும் என்பதையும் மார்க்ஸ் விளக்கினார். அதன் உடலியல் அடித்தளத்தின் ஒரு பகுதியைத்தான் தார்நாகாவின் அட்டவணை கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

2,700 கலோரியின் வரலாறு

1957ஆம் ஆண்டு புதுதில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் ஒரு தீர்மானத்துக்கு வந்தன. குறைந்தபட்சக் கூலி தேவையின் அடிப்படையில் அமைய வேண்டும் என்பதே அது. மிதமாக உழைக்கும் இந்தியருக்கு அய்க்ராய்டு பரிந்துரைத்த உணவு, அதாவது 2,700 கலோரி, அதன் முதல் அளவுகோலாயிற்று. ஒரு தொழிலாளியின் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகக் கணக்கிடப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, குறைந்தபட்ச வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு 20 சதவீதம் ஆகியவை சேர்க்கப்பட்டன.

ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதில் மேலும் ஒன்றைச் சேர்த்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

இந்தச் சூத்திரம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஏழாவது ஊதியக் குழு இதே வழியில் கணக்கிட்டு, ஒன்றிய அரசு ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் மாதம் 18,000 ரூபாயாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் 2017 ஜூன் முதல் நாடு முழுமைக்குமான தரைமட்டக் கூலியாக ஒன்றிய அரசு அறிவித்தது நாளொன்றுக்கு 176 ரூபாய். மாதம் 26 நாள் வேலை கிடைத்தாலும் 4,576 ரூபாய். அரசு ஊழியரின் உடலுக்கு ஒரு கணக்கு, ஒப்பந்தத் தொழிலாளியின் உடலுக்கு வேறொரு கணக்கு என்று எந்த ஊட்டச்சத்து அட்டவணையும் கூறவில்லை. அரசு ஊழியர் பெற்றது அதிகம் என்பதல்ல இதன் பொருள். அதே சூத்திரம் மற்றவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதே பொருள்.

மூன்று அலகுக்குள் அடங்காத குடும்பம்

1957ஆம் ஆண்டுச் சூத்திரத்தைப் பாதுகாக்க வேண்டியது அவசியம். அதேவேளையில் அதன் குறையையும் அறிய வேண்டும். மூன்று அலகு என்பது எப்படி வந்தது? ஆண் 1, பெண் 0.8, இரு குழந்தைகள் தலா 0.6. வயதான பெற்றோருக்கு இதில் இடமில்லை.

இன்றைய அட்டவணையை வைத்து ஒரு குடும்பத்தைக் கணக்கிடலாம். கணவன், மனைவி இருவரும் மிதமான உழைப்பில் இருப்பவர்கள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 11 வயது. கணவனுக்கு 2,710, மனைவிக்கு 2,130, மகனுக்கு 2,860, மகளுக்கு 2,060 கலோரி தேவை. மொத்தம் 9,760 கலோரி. சூத்திரம் தருவதோ மூன்று அலகு, தலா 2,700 கலோரி, ஆக 8,100. குறைவது 1,660 கலோரி.

வளரிளம் பருவத்து மகனுக்குத் தந்தையைவிடக் கூடுதலான உணவு தேவைப்படுகிறது. ஆனால் சூத்திரம் அவனை 0.6 என்று எண்ணுகிறது. இனி, குறையும் அந்த 1,660 என்ற எண்ணை மீண்டும் அட்டவணையில் தேடினால், உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் முழு நாள் தேவையாக அது எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். எண்கள் பொருந்துவது தற்செயல். ஆனால் பற்றாக்குறை வந்த வீட்டில் கடைசியாக உண்பவர் யார், பானையின் அடியில் இருப்பதைக் கொண்டு பசியாறுபவர் யார் என்பது தற்செயல் அல்ல.

பெண்ணை 0.8 என்று எண்ணுவதில் வேறொரு பிழையும் உள்ளது. கலோரியில் ஆணைவிடப் பெண்ணின் தேவை குறைவு என்பது உண்மை. இரும்புச் சத்தில் நிலைமை தலைகீழ். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படும்போது பெண்ணுக்கு 29 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது இரும்புச் சத்துக் கணக்கில் அவர் ஒன்றரை அலகு. அரிசியைக் கூட்டினால் கலோரி கூடும். இரும்புச் சத்து பெரிதாகக் கூடாது. கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு, மீன், இறைச்சி, அவற்றின் சத்தை உடல் ஏற்க உதவும் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவை வேண்டும். அவற்றுக்குக் காசு வேண்டும்.

2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 67 சதவீதம். முந்தைய ஆய்வில் இவை முறையே 53, 58 சதவீத அளவில் இருந்தன. இரண்டுமே கூடியிருக்கின்றன.

அளவுகோலைச் சுருக்கும் முயற்சிகள்

தேவையை நிறைவு செய்ய விரும்பாத அரசுகள், தேவையின் அளவைக் குறைத்துக்காட்ட முயல்வது புதிதல்ல.

1979இல் திட்டக் குழுவின் பணிக்குழு, கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று கொண்டு வறுமைக் கோட்டை வகுத்தது. 1973-74ஆம் ஆண்டு விலையில் அந்தக் கலோரியை உண்ணும் மக்கள் மாதம் செலவிட்ட தொகை கிராமத்தில் 49 ரூபாய், நகரத்தில் 56 ரூபாய் அளவில் இருந்தது. அதன்பின் அந்தத் தொகை விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு உயர்த்தப்பட்டதே தவிர, அந்தத் தொகையில் அந்தக் கலோரி கிடைக்கிறதா என்று திரும்பிப் பார்க்கப்படவில்லை. பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக் இந்த மோசடியைத் தொடர்ந்து அம்பலப்படுத்தினார். 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலையே கைவிட்டது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவிடுபவர் ஏழை அல்ல என்று 2011இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது அதன் தொடர்ச்சியே.

ஆய்வுலகிலும் இதே முயற்சி நடந்தது. குறைந்த உணவுக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, ஏழைகள் உருவத்தில் சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள் என்ற வாதம் 1980களில் எழுந்தது. ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவரும், சேலத்தில் பிறந்தவருமான டாக்டர் சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். வளர்ச்சி தடைப்பட்ட உடலை ஆரோக்கியமான உடல் என்று ஏற்றால், வறுமையையே இயல்பானது என்று ஏற்றதாகிவிடும் என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். பொதுத்துறை அறிவியல் மக்கள் பக்கம் நின்றதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கூலி விஷயத்திலும் இது தொடர்கிறது. ஒன்றிய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு 2019இல் அறிக்கை தந்தது. அது 2,700 கலோரியை 2,400 ஆகக் குறைத்தது. மறுபுறம், புரதம் 50 கிராம், கொழுப்பு 30 கிராம் வேண்டும் என்றும், குடும்பத்தை 3.6 அலகாகக் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. அதன்படி 2018 ஜூலை விலையில் நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது. தொழிற்சங்கங்கள் இதையே போதாது என்றன. அரசோ அந்த 375 ரூபாயையும் ஏற்காமல், 176 ரூபாயை 178 ரூபாயாக உயர்த்தியது. இரண்டு ரூபாய் உயர்வு!

2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் கலோரி என்ற சொல்லுக்கு இடம் தரப்படவில்லை. தேவையின் அளவுகோல் சட்டத்தில் வைக்கப்படாமல் விதிகளுக்குத் தள்ளப்பட்டது. 2020ஆம் ஆண்டு வரைவு விதிகளில் 2,700 கலோரி, மூன்று அலகு, ஆண்டுக்கு 66 மீட்டர் துணி ஆகியவை இடம்பெற்றது, தொழிலாளர் இயக்கம் அறுபது ஆண்டுகளாக அந்த எண்ணை விட்டுக்கொடுக்காததன் விளைவு. ஆனால் சட்டத்தில் உள்ளதை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்துள்ள நிலையில், இந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் விழிப்பு தேவை.

வழிகாட்டும் தட்டும் ரேஷன் பையும்

2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள். ஒரு நாளைக்கு 2,000 கலோரி தரும் மாதிரித் தட்டு அதில் உள்ளது. ஏறத்தாழ 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி, 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம், 300 மில்லி பால் அல்லது தயிர், 35 கிராம் கொட்டை வகைகள், 27 கிராம் எண்ணெய். மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அது கூறுகிறது.

இதை வசதி படைத்தோரின் உணவுப் பட்டியல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் இன்று பணக்காரர்களின் நோய்கள் அல்ல. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உள்ளது. மலிவான அரிசி, மலிவான எண்ணெய், டீயும் சர்க்கரையும் கொண்டு வயிற்றை நிரப்ப வேண்டிய நிலையில் உள்ள தொழிலாளி, ஒரே உடலில் சத்துக் குறைவையும் நீரிழிவையும் சுமக்கிறார். அறியாமையால் அவர் அரிசியை அதிகம் உண்கிறார் என்பது பாதி உண்மைகூட அல்ல. பருப்பும் காய்கறியும் பாலும் எட்டாத விலையில் இருப்பதால் உண்கிறார்.

அந்தத் தட்டு 2,000 கலோரிக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. மூட்டை தூக்குபவர், கட்டுமானத் தொழிலாளி, வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி ஆகியோருக்கு அது போதாது. தட்டில் உள்ள பொருட்களின் விகிதத்தைப் பின்பற்றலாம். அளவு உழைப்புக்கேற்பக் கூட வேண்டும்.

இனி ரேஷன் பையைப் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. நாளொன்றுக்கு 167 கிராம். தெலங்கானாவில் நபருக்கு 6 கிலோ. 2025 முதல் அது சன்ன அரிசியாக வழங்கப்படுகிறது. நாளொன்றுக்கு 200 கிராம், ஏறத்தாழ 700 கலோரி. மிதமாக உழைக்கும் ஆணின் தேவையில் இது கால் பங்கு. மாதிரித் தட்டின் தானிய அளவைக்கூட இது எட்டவில்லை. தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகத்தில் அரிசியோடு, குறைந்த விலையில் துவரம் பருப்பும் பாமாயிலும் வழங்கப்படுகின்றன. பருப்பு, எண்ணெய், சிறுதானியம் ஆகியவற்றை நாடெங்கும் ரேஷனில் வழங்க வேண்டும் என்ற இடதுசாரிகளின் கோரிக்கைக்கு, அரசு நிறுவனத்தின் வழிகாட்டுதலே இப்போது ஆதாரமாக நிற்கிறது.

பள்ளி மதிய உணவிலும் இதே நிலை. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தர வேண்டும் என்பது விதி. அரிசி நீங்கலாக, பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்துக்கும் சேர்த்து 2025 மே முதல் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கப்படுவது 6 ரூபாய் 78 காசு. தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் முட்டை வழங்கப்படுகிறது. மத்தியப் பிரதேச அரசோ 2015இல் அங்கன்வாடியில் முட்டை வழங்கும் யோசனையை நிராகரித்தது. ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மலிவான, முழுமையான புரதத்தைச் சாதியப் பண்பாட்டின் பேரால் பறிப்பது பசியின் அரசியல்.

பாக்கெட்டின் பின்புறம்

வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியின் குழந்தை கேட்பது சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் குடிசைப் பகுதியின் கடைசிக் கடைவரை தொங்குகின்றன. அவற்றின் பின்புறத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

முதலாவது, சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமுள்ளது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால், முன்புறத்தில் பழமோ தானியக் கதிரோ படமாக இருப்பதற்கு மதிப்பில்லை. சர்க்கரைக்குக் குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயர்களும் உண்டு. பழச்சாறு பத்து சதவீதத்துக்கு மேல் இல்லாத பானமும் உண்மையான பழத்தால் ஆனது என்று விளம்பரப்படுத்தப்படுவதை 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலே எச்சரிக்கிறது.

இரண்டாவது, அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம் என்ற எண். 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின்படி, இது 2,000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. இதில் இரண்டு பொறிகள் உள்ளன. அந்தச் சதவீதம் ஒரு பரிமாறலுக்கு உரியது. முழுப் பாக்கெட்டுக்கு அல்ல. ஒரு பரிமாறல் 20 கிராம் என்று எழுதி, பாக்கெட்டில் 60 கிராம் இருந்தால், அச்சிட்ட எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். மேலும், அது வளர்ந்தவரின் கணக்கு. பாக்கெட்டில் 10 சதவீதக் கலோரி என்று இருப்பது, ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 15 சதவீதம்.

மூன்றாவது, உப்பு. லேபிளில் இருப்பது சோடியம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே எல்லை. முழுப் பாக்கெட்டில் 700 மில்லிகிராம் சோடியம் இருந்தால், அது 1.75 கிராம் உப்பு; ஒரு நாள் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இவ்வளவையும் யாரால் படிக்க முடியும்? கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்திலான இந்தியில் இருந்தால் போதும் என்கிறது விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம்; சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. உப்பலில் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்க்கும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்க்கும் அந்த லேபிள் வெற்றுத் தாள். விளம்பரம் மட்டும் அவர்களுடைய மொழியில் பேசுகிறது.

சிலி நாடு 2016இல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்புறத்தில் கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. மெக்சிகோ 2020இல் அதைப் பின்பற்றியது. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் குறியீடு அது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022இல் நட்சத்திரக் குறியீட்டை முன்மொழிந்தது. சிறிது நார்ச்சத்தோ புரதமோ சேர்த்தால், சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொருளும் கூடுதல் நட்சத்திரம் பெற வழியுள்ள முறை அது. எச்சரிக்கை வேண்டிய இடத்தில் மதிப்பெண் வழங்குவது யாருக்கு உதவும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, முன்புற லேபிள் குறித்த பரிந்துரையை மூன்று மாதத்தில் அளிக்கக் கெடு விதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

கிளைகளின் பணி

இந்த வகுப்போடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கிளையும் மூன்று காரியங்களைச் செய்ய முடியும்.

ஒன்று, தட்டின் விலையைக் கணக்கிடுவது. மாதிரித் தட்டின் பொருட்களை உள்ளூர்க் கடையிலும் சந்தையிலும் அன்றைய விலைக்கு எழுத வேண்டும். பகுதியில் உள்ள ஐந்து குடும்பங்களின் உறுப்பினர், வயது, உழைப்பு ஆகியவற்றுக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்து, மாதச் செலவைக் கணக்கிட வேண்டும். அந்தக் குடும்பங்களின் கூலியை அருகில் எழுத வேண்டும். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலும் குறைந்தபட்சக் கூலிக் குழுவிலும் வைக்க இதைவிட வலுவான மனு இல்லை.

இரண்டு, பெண் தோழர்களின் முன்முயற்சியில் லேபிள் படிக்கும் கூட்டங்கள். பகுதியில் அதிகம் விற்கும் பத்துப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து, முழுப் பாக்கெட்டுக்கான உப்பையும் சர்க்கரையும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் காட்டலாம். அந்த உப்பையும் சர்க்கரையும் கரண்டியால் அளந்து தாளில் கொட்டிக் காட்டினால் குழந்தைகளுக்கும் புரியும்.

மூன்று, ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கிடைக்க வேண்டியதும் கிடைப்பதும் என்ன என்று பட்டியலிடுவது. அங்கன்வாடி ஊழியரும் மதிய உணவுத் தொழிலாளரும் இதில் எதிராளிகள் அல்லர். மிகக் குறைந்த மதிப்பூதியத்தில் அந்த உணவைச் சமைத்துத் தருபவர்கள். அவர்களோடு சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும்.

தோழர்களே, சத்தான உணவை உண்ணுங்கள் என்று அரசு மக்களுக்கு அறிவுரை கூறுகிறது. அதற்கான எண்களையும் அரசின் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அந்த எண்களின்படி உண்பதற்கான கூலியையும் ரேஷனையும் பள்ளி உணவையும் தருவது தன் கடமை என்று மட்டும் அது ஒப்புக்கொள்வதில்லை. நான்கு நிலையங்களுக்கு அப்பால் தார்நாகாவில் எழுதப்பட்ட எண்ணை உப்பலின் ஆலை வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இயக்கத்தின் வேலை.